மைனாக்களுக்குச் சொல்லித்தராத வேலை

ஆனைக்கல் காட்டு மிருகங்களுக்கு ஒரு பொதுக் கிடங்கு இருந்தது. கிடங்கு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குகை, அவ்வளவுதான். காடு செழித்திருக்கும் மாதங்களில் ஆளுக்குக் கொஞ்சம் நெல்லிக்காய், இலுப்பைப் பூ, கிழங்கு, தேனடை என்று கொண்டுவந்து அதில் சேர்ப்பார்கள். கோடையில் புல் கருகி, ஓடை நூலாக மெலிந்ததும், வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

கிடங்குக்குத் தலைவர் கரடி பரஞ்சோதி. நல்லவர். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்கிற ஒரே ஒரு வியாதிதான் அவருக்கு.

அவருக்கு உதவியாள் கருங்குரங்கு சகாயம். கரடியார் பேசினால் "ஆமாங்கய்யா" என்பான். கரடியார் தும்மினாலும் "ரொம்பச் சரிங்கய்யா" என்பான்.

இந்த இரண்டு பேரும் இருந்தும் கிடங்கு ஒழுங்காக நடந்தது. காரணம், முள்ளம்பன்றி குருவம்மா. அவளுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. காலையில் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். வந்து கிடங்கைப் பெருக்குவாள். அழுகினதை எடுத்து எறிவாள். வாய் மட்டும் முதுகு முள்ளைவிடக் கூர்மை.

ஆனால் வாங்கப் போவது பெரிய பாடு. யாராக இருந்தாலும் வெயிலில் நடந்து குகைக்கு வர வேண்டும். வாசலில் கிடக்கும் தட்டைக் கல்லை மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு சகாயத்திடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். போன வருஷம் சித்திரை மாதப் பங்கை வாங்கக் கிளம்பிய ஆமை, மழை கொட்டும்போது வந்து சேர்ந்தது. அப்போது காடெல்லாம் பச்சை. ஆமையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இது சரிப்படாது! பக்கத்துக் காட்டில் மைனா ஏற்பாடு வந்துவிட்டதாம். நமக்கும் வேண்டும்!" என்றார் கரடியார்.

"ரொம்பச் சரிங்கய்யா!" என்றான் சகாயம்.

உடனே மீட்டிங் போட்டார்கள். எட்டு நாள் போட்டார்கள். ஏழு நாளும் அடுத்த மீட்டிங் எப்போது என்று பேசினார்கள். எட்டாம் நாள், செங்கால் நாரையைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

நாரையம்மா காடு காடாகப் போய் மைனாக்களைப் பழக்கிக் கொடுப்பவள். நாற்பது மைனாக்களோடு வந்து இறங்கினாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நாலு மரத்துக்கு ஒரு மைனா உட்காரும். உங்களுக்கு வேண்டியதை அதுகிட்ட சொன்னாப் போதும். அது அடுத்த மைனாவுக்குக் கூவும், அது அடுத்ததுக்குக் கூவும். கடைசியில குகைக்குச் சேதி வந்துடும். குரங்குகள் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும். யாரும் வெயில்ல நடக்க வேண்டாம்."

"ஆகா!" என்றது கூட்டம். ஆமைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. சொல்லிக்கொடுத்ததைத்தான் இதுங்க செய்யும். சொல்லிக்கொடுக்காததைக் காடே பத்தி எரிஞ்சாலும் செய்யாது. அதனால முதல்ல உங்க வேலை தினமும் எப்படி நடக்குதுன்னு நான் பார்க்கணும். யார் வராங்க, யார் கொடுக்கிறாங்க, யார் முணுமுணுக்கிறாங்க, எல்லாம். நடக்கிறது நடக்கிறபடியே இருக்கட்டும். எனக்காக எதையும் மாத்தாதீங்க. நாளைக்கு வரேன்."

"அப்படியே ஆகட்டும் அம்மா!" என்றார் கரடியார்.

நாரையம்மா ஏரிக்கரைக்குப் போனதுதான் தாமதம். "சகாயம்! துடைப்பத்தை எடு!" என்றார்.

வெளியாள் வருகிறார் என்றால் வீட்டில் என்ன நடக்கும்? அதேதான் குகையிலும் நடந்தது. சொத்தைக் கிழங்கெல்லாம் பாறைக்குப் பின்னால் போயிற்று. கிழிந்த இலைப் பொட்டலங்களை ஒரு பொந்தில் திணித்து, வாயில் கல்லை வைத்து அடைத்தார்கள். வாசலில் கொன்றைப் பூ தொங்கியது. கிடங்கு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலும் ஆயிற்று.

"அய்யா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சகாயம் காதில் கிசுகிசுத்தான். "குருவம்மா!"

கரடியார் நெற்றியைச் சொறிந்தார். குருவம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் கேட்காமலே சில நாள் முதுகு முள்ளில் நெல்லிக்காய்களைக் குத்திக்கொண்டு, வாயில் இலுப்பைப் பூப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்லைத் தட்டுவதில்லை. சகாயத்திடம் சொல்வதுமில்லை. எங்கே போகிறாள் என்று கரடியாருக்கு அரைகுறையாகத் தெரியும். நல்ல காரியம்தான் என்றும் தெரியும். ஆனாலும் முறை இல்லையே!

"அவ நாரையம்மா முன்னாடி வாயைத் திறந்தா நம்ம மானம் கப்பலேறிடுங்கய்யா!" என்றான் சகாயம்.

கரடியார் குருவம்மாவைக் கூப்பிட்டார்.

"குருவம்மா, நீ ரொம்ப உழைச்சுக் களைச்சுப் போயிட்ட. மேல்மலையில உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் இருபது நாள் இருந்துட்டு வா."

குருவம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணே, திடீர்னு? போன வருஷம் கால்ல கல்லு விழுந்து நொண்டினப்போ ஒரு நாள் ஓய்வு கேட்டேன். 'கிடங்கு என்ன ஆகும்'னு கேட்டீங்க. இப்ப கிடங்கு ஒண்ணும் ஆகாதா?"

"அது... தங்கச்சிக்கும் ஆசையா இருக்குமில்ல?"

"அவளுக்கா? என்னைக் கண்டாலே முள்ளைச் சிலுப்பிக்கிட்டு நிப்பா!"

இருந்தாலும் போனாள். பல வருஷம் கழித்துக் கிடைத்த விடுமுறை. யார்தான் விடுவார்கள்?

மறுநாள் நாரையம்மா வந்தாள். எட்டு மிருகங்கள் அழகாக வரிசையில் நின்றன. முதலில் முயல் வந்தது. கல்லை மூன்று முறை தட்டியது. "பெயர் முயல். இடம் மேட்டுப் புதர். பொருள் கிழங்கு இரண்டு" என்று, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது. சகாயம் குனிந்து வணங்கிக் கொடுத்தான். அவன் யாரையும் வணங்கி அந்தக் காடு பார்த்ததில்லை. முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஓடிப்போயிற்று.

"கல்லை ஏன் தட்டணும்?" என்று கேட்டாள் நாரையம்மா.

"அது எங்க காட்டு முறை அம்மா! பரம்பரையா வர்றது!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் கரடியார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

"சரி. கேட்க வர முடியாதவங்க இருந்தா?"

"எங்க காட்டுல எல்லாரும் வருவாங்க அம்மா. எல்லாம் முறைப்படி!"

நாரையம்மா காலை மாற்றி நின்றாள். "வேற ஒண்ணும் இல்லையே? நல்லா யோசிங்க."

"இல்லவே இல்லை!"

"ஆமாங்கய்யா, இல்லவே இல்லைங்கய்யா!" என்றான் சகாயம்.

நாரையம்மா பதினைந்து நாள் மைனாக்களைப் பழக்கினாள். அலகால் கிளையை மூன்று முறை தட்ட வேண்டும். பெயர், இடம், பொருள் கேட்க வேண்டும். கேட்டதை உரக்கக் கூவ வேண்டும். மூன்றும் சொன்னால்தான் பொருள். பழக்கி முடித்து, நாலு குன்றுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு காட்டுக்குப் பறந்துபோனாள்.

மைனா ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. அதில் குறை சொல்ல முடியாது. காடு முழுவதும் டொக் டொக் டொக் என்று சத்தம். "பெயர் ஆமை! இடம் தாழைப் பள்ளம்! பொருள் நெல்லி நாலு!" என்று மரம் மரமாகக் குரல் தாவியது. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவதற்குள் நெல்லிக்காய் வந்து எதிரில் நின்றது. காடே கரடியாரைக் கொண்டாடியது.

குருவம்மா திரும்பி வந்தாள். வாசல் பூவைப் பார்த்தாள். மைனாவைப் பார்த்தாள். பொந்து வாயில் இருந்த கல்லைத் தள்ளினாள். கிழிந்த பொட்டலமெல்லாம் அவள் தலையிலேயே விழுந்தது.

"அண்ணே! யாருக்கு இந்த வேஷம்?"

"அதை விடு. இனிமே நீ காட்டைச் சுத்த வேண்டாம். மைனா இருக்கு. நீ உள்ளேயே உட்கார்ந்து நெல்லிக்காயைப் பெரிசு சிறிசாப் பிரிச்சு வை."

"அப்ப பிள்ளை பெத்த மானுங்களுக்கு?"

கரடியார் குரலைத் தாழ்த்தினார். "கேட்டா கொடுப்போம்."

"கேட்டாவா? புதர்ல குட்டியைப் படுக்க வெச்சிருக்கிற தாய் வாயைத் திறப்பாளா? சத்தம் கேட்டா சிறுத்தை மோப்பம் பிடிச்சு வந்துடாதா? அதுக்காகத்தானே நானே பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய் வைக்கிறேன்! இதை அந்த நாரையம்மாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"அது வந்து... முதல்ல இது மூணு மாசம் ஓடட்டும் குருவம்மா. சின்னச் சின்ன விஷயமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

"சின்ன விஷயமா!"

மறுநாள் காலையில் அவள் நெல்லிக்காய்களை முதுகில் குத்திக்கொண்டு கிளம்பத்தான் செய்தாள். யாருக்காவது தேவையா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பு. வாசலில் சகாயம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முள்ளிலிருந்தும் ஒவ்வொரு நெல்லிக்காயாகப் பிடுங்கினான்.

"மைனா ஒண்ணும் சொல்லலையே, குருவம்மா?"

"உன் வாலைப் பிடுங்கி மைனாவுக்குக் கூடு கட்டக் கொடுக்கிறேன், இரு!"

ஆனாலும் உள்ளேதான் உட்கார வேண்டியிருந்தது. பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம். வெளியே காட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒருவரும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அதுதான் நாற்பது மைனா இருக்கிறதே!

அந்த வாரம், ஓடைக்கு வடக்கே ஈச்சம்புதரில், புள்ளிமான் மரிக்கொழுந்து குட்டி போட்டாள். முதல் பிரசவம். குட்டிக்கு உடம்பெல்லாம் புள்ளி, கால்கள் நாலும் குச்சி. எழுந்து நிற்கப் பார்த்து, தாயின் மேலேயே விழுந்தது.

மரிக்கொழுந்து மூச்சுக்கூட மெதுவாக விட்டாள். குருவம்மாக்கா வருவாள் என்று காத்திருந்தாள். போன கோடையில் தன் அக்காளுக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் புதரைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லையெல்லாம் மேய்ந்து முடித்தாள். மூன்றாம் நாள் ஈச்ச மட்டையைக் கடித்துப் பார்த்தாள். குட்டியை விட்டுவிட்டுத் தூரமாகப் போகவும் பயம். நாலாம் நாள் நடுப்பகலில், குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் இல்லை. இன்னொரு முறை முட்டிவிட்டு, அப்படியே சுருண்டு படுத்தது. முட்டக்கூட அதற்குத் தெம்பில்லை.

மரிக்கொழுந்து தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மரத்தில் ஒரு மைனா.

"தங்கச்சி..." என்றாள், காற்றைவிட மெதுவாக.

டொக் டொக் டொக்! "பெயர்! இடம்! பொருள்!"

"ஐயோ, மெதுவா! குருவம்மாக்காகிட்ட மட்டும் போய்ச் சொல்லேன். மரிக்கொழுந்துன்னு சொன்னாப் போதும், அக்காவே புரிஞ்சுக்குவா."

"இடம்! பொருள்!" என்றது மைனா. அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல எண்ணமும் கிடையாது. சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

மரிக்கொழுந்து குட்டியைப் பார்த்தாள். சொன்னால் சிறுத்தை வரும். சொல்லாவிட்டால் இந்தக் குட்டி நாளைக்கு எழுந்திருக்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூன்றையும், தன் நிலைமையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

டொக் டொக் டொக்! "பெயர் புள்ளிமான் மரிக்கொழுந்து! இடம் ஓடைக்கு வடக்கே ஈச்சம்புதர்! பொருள் இலுப்பைப் பூ! குட்டி போட்டு நாலு நாள்! நடக்க முடியவில்லை!"

அடுத்த மரம் கூவியது. அதற்கடுத்த மரம் கூவியது. காட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், ஒரு எழுத்து விடாமல், ஒரு தாயின் முகவரி போயிற்று.

தெற்குப் பாறையில் படுத்திருந்த சிறுத்தை ஒரு காதைத் தூக்கியது. பிறகு இன்னொரு காதையும் தூக்கியது.

"அடடா! ஈச்சம்புதர், நாலு நாள் குட்டி, நடக்கவும் முடியலையா! என்ன வசதி, என்ன வசதி! எனக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு பண்ணியிருக்காங்க!" என்று சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது.

சேதி குகைக்கும் வந்து சேர்ந்தது.

"அய்யா! இது நூறாவது கோரிக்கைங்கய்யா!" என்று துள்ளினான் சகாயம்.

உள்ளே நெல்லிக்காய் உருளும் சத்தம் கேட்டது. பெரிசும் சிறிசும் ஒன்றாகக் கலந்து வாசல் வரைக்கும் உருண்டு வந்தன. பின்னாலேயே குருவம்மா வந்தாள். அவள் முள்ளெல்லாம் நெட்டுக்குத்தாக நின்றது.

"நூறாவதா! நூறாவதா! அடப் பாவிகளா, குட்டி இருக்கிற இடத்தைச் சிறுத்தைக்குக் கூவி வித்துட்டீங்களே!"

கரடியாருக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய உடம்பு அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"உட்கார நேரமில்லை அண்ணே! எழுந்திருங்க! சகாயம், இந்த மைனாவுக்கு உண்மை எது பொய் எதுன்னு தெரியுமா?"

"தெ... தெரியாது. எது சொன்னாலும் கூவும்."

"அப்பச் சொல்லுங்க! குரங்கெல்லாம் ஆளுக்கொரு மரத்துக்கு ஓடுங்க! எல்லாரும் மரிக்கொழுந்துதான்! இடத்தை மட்டும் ஆளுக்கொண்ணா மாத்துங்க!"

சகாயம் வாழ்க்கையில் முதல் முறையாக "ஆமாங்கய்யா" சொல்லாமல் ஓடினான்.

சிறுத்தை அதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டது. ஈச்சம்புதர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அப்போது தலைக்கு மேலே டொக் டொக் டொக்!

"பெயர் புள்ளிமான் மரிக்கொழுந்து! இடம் மேலருவிப் பாறை! குட்டி போட்டு நாலு நாள்!"

சிறுத்தை நின்றது. "ஈச்சம்புதர்னு தானே கேட்டேன்?"

"பெயர் புள்ளிமான் மரிக்கொழுந்து! இடம் கறையான் புற்று!"

"புற்றா?"

"பெயர் புள்ளிமான் மரிக்கொழுந்து! இடம் தாழைப் பள்ளம்! பொருள் நெல்லி நாலு!" இது ஆமை. வழியில் ஓடிய குரங்கு சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு, பதற்றத்தில் தன் பழைய கோரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

கிழக்கே ஒரு மரிக்கொழுந்து, மேற்கே ஒரு மரிக்கொழுந்து, மரத்து உச்சியில் ஒரு மரிக்கொழுந்து. சிறுத்தை இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. "இந்தக் காட்டுல மானுக்கெல்லாம் ஒரே பேரா?" என்று சலித்துக்கொண்டது. அப்போது எல்லாக் குரலுக்கும் மேலே இடி இடிப்பது போல ஒரு குரல், மைனாவுக்குக் காத்திராமல் நேராகவே வந்தது.

"பெயர் மரிக்கொழுந்து! இடம் கிடங்குக் குகை! சீக்கிரம் வாங்க, நடக்கவே முடியலை!"

கிட்டத்தில்தான் கேட்கிறது, இதுதான் உண்மை என்று சிறுத்தை குகைக்குப் பாய்ந்தது. வாசலில் கொன்றைப் பூத் தோரணத்துக்குக் கீழே, இரண்டு காலில் எழுந்து நின்றார் கரடி பரஞ்சோதி.

"நான்தான் மரிக்கொழுந்து. பொருள் என்ன வேணும்?"

சிறுத்தை அந்த நகங்களைப் பார்த்தது. "ஒண்ணும் வேண்டாம்... வழி தவறி வந்துட்டேன்" என்றது. வாலைச் சுருட்டிக்கொண்டு தெற்குப் பாறையையும் தாண்டி ஓடியது.

அதே நேரத்தில் குருவம்மா ஈச்சம்புதருக்குள் நுழைந்தாள். முதுகெல்லாம் நெல்லி, வாயெல்லாம் இலுப்பைப் பூ.

"ஏங்க்கா வரல?" என்று கேட்டுவிட்டு மரிக்கொழுந்து அழுதாள். அழுதுகொண்டே தின்றாள்.

"விடலைடி. முதல்ல தின்னு. அப்புறம் எல்லாரையும் சேர்த்து வெச்சுத் திட்டலாம்."

குட்டியை மெல்ல நகர்த்தி, ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் தூருக்குள் படுக்க வைத்தார்கள். தூரின் வாசலில் குருவம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு, முள்ளை விரித்துக் காவல் உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் மரிக்கொழுந்துக்குப் பால் ஊறியது. குட்டி குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் குருவம்மா முள்ளை மடக்கினாள்.

மறுநாள் கரடியார் யாரையும் அனுப்பவில்லை. மைனாவிடமும் சொல்லவில்லை. நாலு குன்றையும் தாமே நடந்து ஏறி இறங்கி, நாரையம்மாவைப் போய்ப் பார்த்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

நாரையம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னேனே, ஏன் மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"விருந்தாளி வரும்போது எச்சில் பாத்திரத்தையா அம்மா நடுவீட்டுல வைப்பாங்க?"

"நான் விருந்தாளி இல்லையே, கரடியாரே! பாத்திரம் தேய்க்க வந்தவ. பாத்திரத்தையே ஒளிச்சு வெச்சா எதைத் தேய்க்கிறது?"

கரடியார் அவளைக் கையோடு ஆனைக்கல் காட்டுக்குக் கூப்பிட்டார்.

நாரையம்மா திரும்பவும் வந்தாள். இந்த முறை பூ இல்லை, வரிசை இல்லை, ஒப்பித்தல் இல்லை. தட்டைக் கல்லின் மேல் குருவம்மாவை உட்கார வைத்து, "நீ சொல்லும்மா. எது ஞாபகம் வருதோ அது" என்றாள்.

குருவம்மா ஒன்றரை நாள் பேசினாள். இடையில் தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்தினாள்.

"பல்லு போன கிழட்டு யானைக்குக் கிழங்கை ஓடையில ஊற வெச்சுத்தான் கொடுக்கணும். இந்தச் சகாயம் அப்படியே கொடுத்து அனுப்பறான், அவரு நாலு நாளா வாயில வெச்சு உருட்டிக்கிட்டு இருக்காரு. கீழ்க்கரை உடும்புக்கு ரோஷம் ஜாஸ்தி, பசிச்சாலும் கேட்காது. எதிர்ல வெச்சுட்டுப் பார்க்காத மாதிரி வந்துடணும். அப்புறம் இந்தக் கல்லு. இதுக்கு அடியில அப்ப ஒரு நாகம் குடியிருந்துச்சு. தட்டினா உள்ளே போயிடும், நாம பயமில்லாம நிக்கலாம். அதுக்குத்தான் தட்டினது. நாகம் காலி பண்ணிக்கிட்டுப் போய் ஒன்பது வருஷமாச்சு!"

மைனாக்கள் நாற்பதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அலகு தேய்ந்ததுதான் மிச்சம்.

"அப்புறம், சேர்ந்த தேனடையில நல்லதா ஒண்ணு எடுத்து மேல் பொந்துல ஒளிச்சு வெப்பேன். நம்ம கரடி அண்ணன் மீட்டிங்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட அன்னிக்குக் கொடுக்க."

"அதையும் சொல்லணுமா?" என்றார் கரடியார் சங்கடமாக.

"அதையும்தான்!" என்றாள் நாரையம்மா.

எல்லாவற்றையும் கேட்டு, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதைச் சேர்த்து, நாரையம்மா மைனாக்களுக்குத் திரும்பவும் பாடம் எடுத்தாள். தட்டும் வழக்கம் போயிற்று. ஊற வைக்கும் வழக்கம் சேர்ந்தது. குருவம்மா பழையபடி காட்டைச் சுற்றினாள். கடைசிப் பாடம்தான் கஷ்டமாக இருந்தது. அது வாயை மூடிக்கொண்டிருக்கும் பாடம். மரத்தடியில் குட்டியோடு ஒரு தாய் இருந்தால் கூவக் கூடாது. பறந்து போய்க் குருவம்மா பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். பேசியே பழகிய மைனாக்களுக்கு இது மட்டும் பத்து நாள் பிடித்தது. இரண்டு மைனாக்கள் அடக்க முடியாமல் ஓடைப் பக்கம் போய்த் தனியாகக் கத்திவிட்டு வந்தன.

கோடை முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு காலையில், ஒரு மைனா வந்து குருவம்மாவின் எதிரில் உட்கார்ந்தது. அலகை இறுக மூடியிருந்தது. சொல்ல முடியாத சேதியில் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. இறகெல்லாம் துடித்தது.

"சரி, சரி, வெடிச்சுடாதே. வழியைக் காட்டு" என்றாள் குருவம்மா.

நெல்லிக்காய்களின் மேல் ஒரு முறை புரண்டு எழுந்தாள். பொட்டலத்தை அவள் கவ்வுவதற்குள் கரடியாரே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மைனாவின் பின்னால், சருகு மிதிபடாமல், மெல்ல மெல்ல நடந்து போனார்கள். அங்கே மூங்கில் நிழலில் கேழையாடு என்கிற குட்டை மான் ஒன்று, அன்றைக்குத்தான் பிறந்த குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டில் வேறு யாருக்கும் தெரியவும் இல்லை.

புதிய ஏற்பாட்டைக் கொண்டுவரும் முன், வேலை எப்படி நடந்தால் அழகு என்று சொல்வதை நம்பி ஏமாறாமல், அது உள்ளபடி எப்படி நடக்கிறது என்பதை, அதைச் செய்கிறவர்களின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.